‘டெசிக்கேட்’: ஈரம் அறவே நீங்கும்போது

‘டிரை’ என்ற ஆங்கில வினை துணி காய்வதற்கும் தலை துவட்டுவதற்கும் பொதுவாகப் பயன்பட, ‘டெசிக்கேட்’ என்பதோ ஒரு பொருளிலுள்ள ஈரத்தை அறவே நீக்கி அதை வறளச் செய்வதைக் குறிக்கும். உலர்ந்த என்னும் பொருள் தரும் ‘சிக்கஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். புதிய காலணிப் பெட்டியின் மூலையில், ‘உண்ணாதீர்’ என்ற எச்சரிக்கையுடன் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் இருக்கும் ஈரப்பதத்தை உறிஞ்சிக்கொள்ளும் அத்தகைய பொருளுக்கு ‘டெசிக்கன்ட்’ என்று பெயர். வெயிலில் அலைந்து களைத்தவரின் உடலில் நீர் குறைந்துவிட்டதைச் சொல்ல இந்த வினை பொருந்தாது. அங்கே ‘டீஹைட்ரேட்’ என்பதையே எழுத வேண்டும். ஆனால், உயிரோட்டமின்றிச் சக்கையாகிப்போன உரைநடையை ‘டெசிக்கேட்டட்’ என்ற அடைமொழியால் சுட்டுவதுண்டு. எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடும் அதுவே. எழுத்துக்கூட்டலில்தான் பலரும் சறுக்குகிறார்கள் (நானும் விலக்கல்ல): ‘எஸ்’ ஒன்று, ‘சி’ இரண்டு. உச்சரிக்கும்போது முதல் அசைக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும்.