நகரக் காட்டில் ஓர் அளவுத் துண்டு: அமைப்பதும் அளப்பதும் பேணுவதும்

கோலாலம்பூரைச் சுற்றி எஞ்சியிருக்கும் குன்றுக் காடுகளில் பல, பழைய ரப்பர் தோட்டங்கள். புக்கிட் கியாராவிலும் புக்கிட் காசிங்கிலும் பால்மரங்களுக்கு நடுவே மஹாங் என்னும் வேகமாக வளரும் மரமும் காட்டு அத்தியும் தாமாகவே முளைத்து மேலேறிவிட்டன. இங்கெல்லாம் மரம் நட ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் திரண்டுவிடும். மூன்று வருடம் கழித்துப் போய், நட்டதில் எது பிழைத்தது, பக்கத்து மரம் எவ்வளவு பருத்தது என்று அளக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. தமிழ்ப்பள்ளிப் பசுமைக் கழகமோ கோயில் இளைஞர் குழுவோ நான்கைந்து குடும்பங்களோ சேர்ந்தால் இந்த வேலையைச் சரியாகச் செய்துவிடலாம்.

இதற்கு 20 மீட்டருக்கு 20 மீட்டர் நிலம் போதும், அதுதான் அளவுத் துண்டு. அதிலுள்ள மரங்களுக்கு எண் கொடுத்து, வருடம் ஒருமுறை அளந்து, களை நீக்கி வர வேண்டும். நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டின் 50 ஹெக்டேர் ஆய்வு நிலத்தில் 1 செ.மீ. விட்டமுள்ள கன்று வரை எல்லா மரங்களையும் 1980களிலிருந்து எண்ணிட்டு அளந்து வருகிறார்கள். 800க்கும் மேற்பட்ட மர இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. பரப்பில் உங்கள் துண்டு அதில் 1,250இல் ஒரு பங்குதான். ஆனாலும் முறை ஒன்றாக இருந்தால் உங்கள் எண்களையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முதலில் நிலம் யாருடையது என்று கேட்டறிந்து எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். வனக்காப்பகம் என்றால் வனத்துறை, பூங்கா என்றால் அதை நிர்வகிக்கும் அமைப்பு. கடிதத்தில் வரைபடம் இருக்கட்டும். ஆணி அடிப்பது, சாயம் பூசுவது, களை பிடுங்குவது ஆகிய மூன்றையும் வெளிப்படையாக எழுதுங்கள். சொல்லாமல் அடித்த ஆணிதான் பிற்பாடு பிரச்சினையாகும்.

துண்டை அமைத்தல்

நடைபாதையிலிருந்து பத்து மீட்டராவது உள்ளே தள்ளி இடம் பாருங்கள். பாதையோரத்தில் வெளிச்சமும் மிதிபாடும் அதிகம். உட்காட்டின் நிலைமை அங்கே தெரியாது. 50 மீட்டர் நாடா, திசைகாட்டி, நைலான் கயிறு, ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு பிவிசி குழாய்கள் வேண்டும். நான்கு மூலையிலும் குழாயைப் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறக்குங்கள். ஜிபிஎஸ் அளவை மட்டும் நம்பக் கூடாது. அடர்ந்த மரநிழலில் கைப்பேசி பத்து மீட்டர் வரைகூடத் தவறிக் காட்டும், அடுத்த வருடம் மூலையைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நான்கு பக்கமும் 20 மீட்டர் இருந்துவிட்டால் சதுரம் ஆகிவிடாது, சாய்ந்தும் போயிருக்கலாம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், ஒவ்வொன்றும் 28.28 மீட்டர் வர வேண்டும். சரிவில் நாடாவை மண்ணோடு ஒட்டி இழுத்தால் துண்டு சிறுத்துவிடும், கணக்கு கிடைமட்ட தூரத்தில்தான். 20 பாகை சரிவில், தரையோடு 21.28 மீட்டர் இழுத்தால்தான் கிடைமட்டத்தில் 20 மீட்டர் கிடைக்கும். பாகை அளக்கக் கருவி இல்லையென்றால், நாடாவை மட்டமாகப் பிடித்து ஐந்தைந்து மீட்டராகப் படிப்படியாக இறங்குங்கள்.

அளத்தல்

தவறுகள் குவிவது இங்கேதான், அவசரம் வேண்டாம். 1.3 மீட்டர் உயரக் குச்சி ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் உயரம் மாறும் என்பதால் 'நெஞ்சளவு' என்று கண்மதிப்பில் அளந்தால் வருடா வருடம் வேறு இடத்தை அளப்பீர்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்தில் குச்சியை ஊன்றுங்கள். சாய்ந்த மரமானால் தண்டின் சாய்வோடு 1.3 மீட்டர் பார்த்து, நாடாவைத் தண்டுக்குச் செங்குத்தாகச் சுற்றுங்கள்.

கொடி சுற்றியிருந்தால் நாடாவை அதன் அடியில் நுழையுங்கள், கொடியையும் சேர்த்து அளக்க வேண்டாம். 1.3 மீட்டரில் முடிச்சோ வீக்கமோ இருந்தால், அதற்குச் சற்றுக் கீழே தண்டு சீராக உள்ள இடத்தில் அளந்து அந்த உயரத்தையும் எழுதுங்கள். அடிமரத்தைத் தாங்கிப் பலகைபோல் விரியும் பலகை வேர் உயர்ந்திருந்தால் வேர் முடியும் இடத்திலிருந்து 50 செ.மீ. மேலே அளக்க வேண்டும்; ஏணி கேட்கும் மரத்தை விட்டுவிட்டு, 'அளக்கவில்லை' என்று பதியுங்கள். ஊகித்து எழுதிய எண்ணைவிட வெற்றுக் கட்டம் எவ்வளவோ மேல்.

அளந்த இடத்தில் தண்டைச் சுற்றி மெல்லிய கோடாகச் சாயம் பூசுங்கள். எண் தகட்டை அந்தக் கோட்டிலிருந்து 30 செ.மீ. மேலே, அலுமினிய ஆணியால் அடியுங்கள். கோட்டிலேயே அடித்தால் ஆணிக்காயம் வீங்கி அடுத்த அளவைக் கெடுத்துவிடும். ஆணி இரண்டு மூன்று செ.மீ. வெளியே நீட்டி நிற்கட்டும். முழுதாக இறக்கினால் மரம் பருக்கும்போது தகட்டை விழுங்கிவிடும்.

விட்டம் 10 செ.மீ. என்பதுதான் வழக்கமான கீழ்வரம்பு. நகரக் காட்டில் இளமரங்களே மிகுதி என்பதால் 5 செ.மீ., அதாவது சுற்றளவு 15.7 செ.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது. எல்லைக் கயிற்றின் மேல் நிற்கும் மரத்தின் அடிப்பாகம் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேருங்கள். தாளில் 'சுற்றளவு செ.மீ.' என்று தலைப்பிட்டு அதை மட்டுமே எழுதுங்கள். 3.1416ஆல் வகுத்து விட்டமாக்குவதைக் கணினி செய்யட்டும். ஒருவர் சுற்றளவும் இன்னொருவர் விட்டமும் எழுதிய தாள்தான் எல்லாவற்றிலும் மோசம்.

மரப் பெயர் தெரியாவிட்டால் அளவை நிறுத்த வேண்டாம், எண்ணை வைத்துத் தொடருங்கள். இலையின் இருபுறம், காம்பு, கிளை நுனி, பட்டை, அடியில் கிடக்கும் காய் ஆகியவற்றைப் படமெடுங்கள். சிறகுள்ள காய்கள் நல்ல துப்பு; கெருயிங், மெராந்தி, காப்பூர் மூன்றும் டிப்டெரோகார்ப் என்னும் ஒரே குடும்பத்துக் காட்டு மரங்கள். இரண்டு நீளச் சிறகுகள் இருந்தால் பெரும்பாலும் கெருயிங். மூன்று நீளமும் இரண்டு குட்டையுமாக இருந்தால் மெராந்தியாகப் பாருங்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே நீளமென்றால் காப்பூர். கிளை ஒடிப்பது அனுமதிக் கடிதத்தில் இருந்தால் மட்டுமே. உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றும்போது நட்ட மரத்தை 'வளர்க்கப்பட்டது' என்று குறியுங்கள், இல்லாவிட்டால் அது தானாக முளைத்ததாகக் கணக்காகும். காட்டு ஆர்க்கிட் கண்டால் இடத்தை மறைத்துப் பதியுங்கள். பறித்துப்போக ஆள் இருக்கிறது.

களையும் கன்றும்

கண்ணில் பட்டதையெல்லாம் பாராங் கத்தியால் வெட்டித் தள்ளுவது காட்டுப் பராமரிப்பு ஆகாது. பிடுங்க வேண்டிய முதல் செடி, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த கிளிடெமியா என்னும் புதர்ச்செடி. நம் மண்ணுக்கே உரிய செண்டுடுக் செடியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இரண்டின் இலையிலும் அடியிலிருந்து நுனி வரை வளைந்தோடும் நரம்புகள் உண்டு. பூவையும் காயையும் பாருங்கள். செண்டுடுக்கின் பூ பெரிது, ஊதா நிறம். கிளிடெமியாவின் பூ சிறிது, வெள்ளை. காய் கருநீலம், மேலே மயிர் நிற்கும். மழை பெய்த மறுநாள் ஈரமண்ணில் வேரோடு வரும். காயோடு இருப்பதைப் பையில் கட்டி வெளியே கொண்டுபோங்கள், பறவை தின்றால் விதை பரவும்.

மிக்கானியா கொடியை வெட்டித் தரையில் போடாதீர்கள். ஈர நிலத்தில் கணுவுக்குக் கணு வேர்விட்டு மறுபடி படரும். தார்ப்பாயில் குவித்து வெயிலில் காயவிடுங்கள். ரெசாம் பெரணி நம் நாட்டுச் செடி, வெட்டவெளிச் சரிவில் மண்ணைப் பிடித்து நிற்பது அதுதான். அதை மொத்தமாக அழித்தால் அடுத்த மழையில் மண் சரியும். கன்று வைக்குமிடத்தில் மட்டும் ஒரு மீட்டர் அகலத்துக்கு நீக்கினால் போதும். முளைத்து நிற்கும் ரப்பர் கன்றுகளைப் பிடுங்கலாம். வளர்ந்த பால்மரத்தைத் தொடவேண்டாம். பட்டையை உரித்துப் பட்டுப்போக விட்டால் கிளை யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

நடுவதற்கு அக்டோபர், நவம்பர் மழை தோதானது. மெராந்தி, காப்பூர் கன்றுகளை மஹாங் போன்றவற்றின் அரைநிழலில் வையுங்கள், முழு வெயிலில் கருகிவிடும். குழி 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். கன்று வளர்ந்த பையைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். பையோடு புதைத்த கன்றுகளும், வேரும் தண்டும் சேரும் கழுத்துக்கு மேல் மண் மூடிய கன்றுகளும் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே போய்விடும். இந்த இனங்களுக்கு வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை தேவை, அதனால் அதே குடும்பத்துப் பெரிய மரத்தடி மண் ஒரு பிடி குழியில் சேருங்கள். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கன்றைச் சுற்றி அரை மீட்டர் களை எடுத்துவர வேண்டும். பட்டுப்போன கன்றின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள், இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான். எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் காலில் புண் இருப்பவர் சேற்றுநீரில் இறங்கக் கூடாது. சில மஹாங் இனங்களின் உள்ளீடற்ற தண்டில் எறும்புகள் குடியிருக்கும்; குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அன்றே செய்ய வேண்டிய சரிபார்ப்பு ஒன்று உண்டு. பத்தில் ஒரு மரத்தை, முதல் அளவைக் காட்டாமல் வேறொருவர் அளக்கட்டும். அரை செ.மீ.க்கு மேல் வேறுபாடு அடிக்கடி வந்தால் குச்சியிலோ நாடாவிலோ கோளாறு. துணி நாடா இழுபட்டு நீண்டுவிடும். அடுத்த வருடம் மரம் மெலிந்ததாகவோ விட்டம் ஏழு எட்டு செ.மீ. கூடியதாகவோ காட்டினால் எண்ணைத் திருத்தாதீர்கள், திரும்பப் போய் அளங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா, கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகம் போன்ற இடங்களை அணுகும்போது வரைபடம், அளந்த தேதி, அளந்தவர் பெயர்ச் சுருக்கம், அளவு உயரம் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும்.

களத்தாளைப் பென்சிலில் எழுதுங்கள், மை மழையில் கரையும். கணினியில் ஏற்றிய பிறகும் தாளைப் படமெடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். 47ஆ 41ஆ என்ற சந்தேகம் மூன்றாம் வருடம் வரும்போது அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.