அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகிறீர்களா? செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் செய்யும் தவறுகள்

செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் ஊருணியும் கண்மாயும்தான். மழை பெய்தால் நிறையும், கோடையில் வற்றும். காலையில் போனாலும் மாலையில் போனாலும் படித்துறையில் அதே படிதான் நனைந்திருக்கும். கடலோர உப்புச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டில் தண்ணீர் ஒரே நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். படகு எங்கே போகும், எங்கே தரை தட்டும், பறவை எங்கே நிற்கும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. நம் ஆட்கள் அங்கே போய் ஏமாந்து திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இதைக் கணக்கில் எடுக்காததுதான்.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு தவறு நடக்கிறது. அலையாத்திக் காடு என்றதும் எல்லாரும் பிச்சாவரம் என்கிறார்கள். அருமையான இடம்தான், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் 2022-இல் சேர்ந்தது. ஆனால் காரைக்குடியிலிருந்து அது இருநூறு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்பினால் பகல் முழுக்கக் காரிலேயே கழியும். நமக்குக் கிட்டத்தில் இருப்பது காரங்காடு. தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் மொத்தம் எழுபது கிலோமீட்டர் அளவுதான். கோட்டைக்கரை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கும் மீனவக் கிராமம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே படகுச் சவாரி நடத்துகிறார்கள். இன்னொன்று முத்துப்பேட்டை. அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அது பரந்த காடு, காட்டைத் தாண்டினால் பெரிய காயல். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் காரங்காடு போதும். நாள் முழுக்க ஒதுக்க முடிந்தவர்கள் முத்துப்பேட்டைக்குப் போகலாம்.

சினிமாவில் பார்த்த மாதிரி மரங்கள் தலைக்கு மேல் கூடிப் பந்தலாக நிற்கும் என்று எண்ணிக்கொண்டு காரங்காட்டுக்குப் போகாதீர்கள். அங்கே மரங்கள் அவ்வளவு உயரமில்லை. வானம் திறந்திருக்கும், பறவை நன்றாகத் தெரியும். அதற்காகப் போங்கள்.

நேரம்

ராகு காலம், எமகண்டம் பார்க்காமல் வாசற்படி தாண்டாத வீடுகளில்கூட, அன்றைக்குக் கடலில் நீர் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்பவர் இல்லை. இதுதான் தவறுகளில் பெரியது.

நீர் வற்றியிருக்கும்போது போனால் சிறு ஓடைகளுக்குள் படகு நுழையாது. பெரிய வாய்க்காலில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்ப வேண்டியதுதான். நன்றாக ஏறியிருக்கும்போது போனால் காட்டுக்குள் ஆழமாகப் போகலாம். ஆனால் சேற்றில் இரை தேடும் உள்ளான் என்ற கரையோரப் பறவைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நீர் இறங்கும் நேரம்தான் நல்லது, சேற்றுத் திட்டு வெளியே தெரிந்தால்தான் அவை இறங்கும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே நேரம் என்று ஒன்று கிடையாது. எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று சொல்லி, எப்போது வரலாம் என்று படகுக்காரரிடமே கேட்பதுதான் வழி.

"போன ஞாயிற்றுக்கிழமை நம்ம மச்சான் பத்து மணிக்குப் போனாராம், நல்லா இருந்துச்சாம்" என்று அதே நேரத்துக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. ஏற்றம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் அளவுக்குத் தள்ளிப் போகும். ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்தை எட்டிவிடும். மச்சான் ஏற்றத்தில் போன அதே பத்து மணி, உங்களுக்கு வற்றமாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமி, நவமி வாக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், அங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் ஓடையில் இருப்பதே இடுப்பளவுத் தண்ணீர் என்றால் ஓரடி குறைவதே படகை நிறுத்திவிடும். போதாததற்குக் காற்றும் நீரைத் தள்ளும். அதனால் கைப்பேசியில் பார்த்த அட்டவணையைவிட, அன்று காலையில் துறையில் நின்று பார்த்தவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள்.

வெயிலும் இதோடு சேர்ந்தது. காலைப் பலகாரத்தை நிதானமாக முடித்து, வழியில் ஒரு கோயிலுக்கும் போய்விட்டுப் பன்னிரண்டு மணிக்குத் துறையில் போய் நிற்பது நம் வழக்கம். அந்த நேரத்தில் நீரிலிருந்து எதிரடிக்கும் வெயிலில் பெரியவர்கள் வாடிவிடுவார்கள், பறவைகளும் அடங்கியிருக்கும். விடியுமுன் கிளம்புங்கள். பலகாரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு, படகை விட்டு இறங்கியபின் கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பருவத்தில் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும் வரும், படகை நிறுத்திவிடுவார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கத் தென்னந்தோப்புகளோடு முத்துப்பேட்டைக் காட்டையும் சின்னாபின்னமாக்கியதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். வலசைப் பறவைகளும் இதமான வெயிலும் ஒன்றாகக் கிடைப்பது தை, மாசியில்.

தண்ணீர் நின்றால் காடு சாகும்

படகில் ஏறியதும் "இது என்ன மரம், எத்தனை அடி ஆழம்" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் பிறகு கைப்பேசியில் மூழ்கிவிடுகிறார்கள். வழிகாட்டியோடு போகிற பயணத்தில் வழிகாட்டியைப் பேசவிடாமல் இருப்பது எனக்குப் பொறுக்க முடியாத தவறு. நாம் கொடுக்கும் கூலியில் பாதி அவர் அறிவுக்காகக் கொடுப்பது. "அண்ணே, இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க" என்றால் போதும், பெரும்பாலானவர்கள் ஆர்வமாகச் சொல்வார்கள்.

என்ன கேட்கலாம்? சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பது என்ன என்று கேளுங்கள். அது அலையாத்தி மரத்தின் சுவாச வேர். உப்புச் சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேல்நோக்கி வளர்ந்து, நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் காற்றை வாங்கிக்கொள்கிறது. இலையை உற்றுப் பாருங்கள், மரம் வெளியே தள்ளிய உப்பு பொடியாகப் படிந்திருக்கும். சுரபுன்னை மரம் இருக்கும் இடத்தில், காய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீண்டிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதையெல்லாம் ஒருநாளும் மறக்க மாட்டார்கள்.

முத்துப்பேட்டையில் போகும்போது சில வாய்க்கால்கள் வரப்புப் பிடித்தாற்போல நேராக இருப்பதைப் பார்க்கலாம். இயற்கையாகவே அப்படி இருக்கிறது என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். அவை மனிதர் வெட்டியவை. முன்பு விறகுக்காக இந்தக் காடுகளைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போன இடத்தில் வெயில் பட்டு நீர் ஆவியானது, மண் அமுங்கிப் பள்ளமானது. ஏறி வந்த கடல்நீர் இறங்க வழியில்லாமல் அதில் தேங்கியது. உப்பு ஏறிக்கொண்டே போய், அந்த இடத்தில் கன்று முளைக்கவே இல்லை. பின்னாளில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் போலப் பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளைகளும் வெட்டினார்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நீர் மறுபடி ஏறி இறங்க ஆரம்பித்ததும் நட்ட கன்றுகள் பிழைத்தன. நம் ஊருணியில் நீரைத் தேக்கி வைப்பது எவ்வளவு பெரிய அறமோ, இந்தக் காட்டுக்கு நீர் ஓடுவது அவ்வளவு அவசியம்.

"வெறும் சேத்துக் காடு, இதுக்குப் போய் இவ்வளவு பாதுகாப்பா" என்று பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். செட்டிநாட்டுக்காரர்கள் இதைச் சொல்லும்போது எனக்குப் பர்மா நினைவு வரும். ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த 1852-க்குப் பிறகு ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் சதுப்பு நிலக் காடுகளை அழித்துத்தான் நெல்வயல் ஆக்கினார்கள். அந்த விவசாயத்துக்குக் கடன் கொடுத்ததில் முன்னால் நின்றவர்கள் நம் நகரத்தார். நம் வீட்டு முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்களும் அந்தக் காலத்து வரவுதான். அந்தத் தலைமுறைக்கு அது காடாகத் தெரியவில்லை, வயலாகப் போகும் நிலமாகவே தெரிந்தது. அதற்காக அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. இன்றைக்கு நமக்கு விவரம் தெரியும். நம் வீட்டு நண்டு மசாலாவுக்கு வரும் சேற்று நண்டும், குழம்பில் விழும் இறாலும் குஞ்சாக வளர்வது இந்தச் சேற்றில்தான்.

படகுக்குள்

உயிர்காப்பு அங்கியைப் படம் எடுக்கும்வரை போட்டுக்கொண்டு, படகு நகர்ந்ததும் வியர்க்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். "ஆழமே இல்லையே" என்பது அதற்கு ஒரு சாக்கு. முழங்கால் வரை சேறு பிடித்துக்கொண்டால் ஆழமில்லாத நீரும் ஆபத்துதான். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவு அங்கி இருக்கிறதா என்று ஏறுமுன் கேளுங்கள். இல்லையென்றால் ஏற்றாதீர்கள். பெரியவர் அங்கி பிள்ளையின் தலைவழியே கழன்றுவிடும்.

2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் 45 பேர் இறந்த படகு விபத்தில், விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் முகத்துவாரத்தில் கவிழ்ந்த படகில் ஏற்றியிருந்தது அளவுக்கு மீறிய ஆட்களை. 22 உயிர்கள் போயின. குடும்பமாகப் போகும் நமக்கு இந்த இரண்டும் பாடம். "எல்லாரும் ஒரே படகுல போயிருவோம், ரெண்டு பேருதானே கூட" என்று படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள். கூழைக்கடா தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பிப் பாருங்கள். எழுந்து நின்று படம் எடுக்க வேண்டும் என்றால் கரையில் எடுங்கள். ஆச்சியும் ஐயாவும் கூட வந்தால், முதலில் அவர்களை ஏற்றி நடுப்பலகையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறுங்கள்.

பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பூநாரையைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதற்காகப் படகைக் கிட்டே விடச் சொல்வதும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, திரும்பிப் போகிற பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றில் மேய்ந்துதான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள் என்று கேட்டுப் பாருங்கள், பறவைகளே நெருங்கி வரும்.

கிளையை ஒடிப்பதும், காயைப் பறிப்பதும், சேற்றில் இறங்கி அந்தச் சுவாச வேர்களை மிதிப்பதும் வேண்டாம். முத்துப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் தில்லை மரம் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், தோலில் பட்டால் புண்ணாகும். பிள்ளைகள் கையைப் படகுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

"கடல்பசுவைக் காட்டுங்க" என்று வழிகாட்டியைப் படுத்துவதும் நடக்கிறது. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அரசு அறிவித்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகம். அது கடலுக்கடியில் புல் மேய்கிற கூச்ச சுபாவப் பிராணி. சுற்றுலாப் படகு போகும் ஓடையில் வந்து நிற்காது.

கிளம்புமுன் செய்ய வேண்டியதில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தின நாளே வனத்துறை அலுவலகத்துக்கோ படகுத்துறைக்கோ போன் செய்து படகு உண்டா என்று உறுதிப்படுத்துங்கள். முத்துப்பேட்டைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அதைப் படகுத்துறையில் போய் நின்றுகொண்டு கேட்கக் கூடாது. இடைத்தரகர் யாரும் வேண்டாம், சீட்டு வாங்கி ஏறுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். குடிதண்ணீரை எவர்சில்வர் கூஜாவிலோ பாட்டிலிலோ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாய்க்காலில் விழும் நெகிழிப் பை வேரைச் சுற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். பெண்கள் பட்டுப்புடவையைத் தவிர்த்து, காலை வீசி ஏறத் தோதான உடை உடுத்துவது நல்லது. காரங்காட்டுக்குப் போகிறவர்கள் கழிப்பறைக்குத் தொண்டியிலேயே போய்விடுங்கள்.

கடைசியாக, ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குத் தேவிபட்டினத்தில் தர்ப்பணம், கடலுக்குள் இருக்கும் நவபாஷாண நவகிரக தரிசனம், அப்படியே திரும்பும் வழியில் காரங்காட்டில் படகு என்று பலர் போடுகிறார்கள். அந்த இரண்டு நாளிலும் சாலை முழுக்க வண்டி. தேவிபட்டினத்தை விட்டு வெளியே வரவே மதியமாகிவிடும், விரதமிருந்த பெரியவர்கள் களைத்திருப்பார்கள், அமாவாசை வற்றமும் சேர்ந்தால் படகு ஓடைக்குள் போகாது. தர்ப்பணத்தை அன்றே முடித்துவிட்டு, காட்டுக்கென்று வேறொரு நாளை ஒதுக்குங்கள். சனி, ஞாயிறை விட்டு வார நாளில் போக முடிந்தால் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வழிகாட்டியும் அவசரமில்லாமல் பேசுவார்.