எஞ்சின் மாட்டிய சைக்கிளுக்குப் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்: 44 பல்லா, 36 பல்லா?

சைக்கிளில் மாட்டுகிற சீன டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கிட் வாங்கினால் பின்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 44 பல் ஸ்ப்ராக்கெட்தான் (செயின் ஓடும் பல்சக்கரம்) கூட வரும். முதலில் அதையே மாட்டி ஓட்டிப் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட் 10 பல், எஞ்சினுக்குள்ளேயே சுற்று வேகம் சுமார் 4.1 மடங்கு குறைகிறது என்று வைத்தால், 26 அங்குலச் சக்கரத்தில் எஞ்சினின் 4000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மணிக்கு 27 கிமீ போல வரும். 36 பல் போட்டால் அதே சுற்றுக்கு 33 கிமீ தாண்டும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும், பெடல் மிதிக்கத்தான் வேண்டும். மேடு அதிகம், ஆளும் கனம் என்றால் 48, 50 பக்கம் போங்கள்.

அப்புறம் மாட்டும் விதம். கிட்டோடு வருவது ஸ்போக்குகளை இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவே வைத்து 9 போல்ட்டால் இறுக்குகிற வகை. ஒரே போல்ட்டை முழுசாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது செயின் ஓரிடத்தில் விறைத்து இன்னோரிடத்தில் தொய்ந்தால் ஸ்ப்ராக்கெட் நடுவில் உட்காரவில்லை, கழற்றித் திரும்ப மாட்டுங்கள். எனக்கு மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. காசு இருந்தால் ஹப்பையே (சக்கரத்தின் நடு உருளை) கவ்விப் பிடிக்கும் அடாப்டர் வாங்கிவிடுங்கள், ஸ்போக் பிழைக்கும். ஹப்பின் விட்டத்தை அளந்துகொண்டுதான் ஆர்டர் போட வேண்டும்.