பிக்கப் வண்டியின் பின்கதவுக் கண்ணாடி உடைந்தால் நீங்களே மாற்றுவது எப்படி?

பொள்ளாச்சிப் பக்கம் டபுள் கேபின் பிக்கப்புக்குப் பஞ்சமே இல்லை. தோப்பு வேலைக்கு ஆட்களை உள்ளே ஏற்றிக்கொண்டு, பின்னால் உரமூட்டையும் சொட்டுநீர்க் குழாயும் போட்டுக்கொண்டு போக இதைவிடத் தோதான வண்டி எது? மஹிந்திரா பொலிரோ கேம்பர்தான் அதிகம். இசுசு வி-கிராஸ், டாடா ஸெனான் இடையிடையே வரும். இந்த வண்டிகளுக்குக் கண்ணாடி மாட்டுவதுதான் என் தொழில்.

முன்கண்ணாடி ஓடும்போது உடைகிறது. பின்கதவுக் கண்ணாடி, அதாவது பின் சீட்டுக்குப் பக்கத்துக் கதவில் இருப்பது, பெரும்பாலும் நிற்கும்போதுதான் உடைகிறது. புல் வெட்டும் மெஷின் தெறிக்கவிட்ட ஒரு கூழாங்கல் போதும். பக்கத்தில் இன்னொரு வண்டியிலிருந்து இறக்கிய இரும்புக் குழாயின் முனை பட்டாலும் போதும். நொடியில் முழுக் கண்ணாடியும் பொலபொலவென்று கொட்டிவிடும்.

முன்கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டது. அதை வீட்டில் மாற்றப் பார்க்காதீர்கள். ஏறி இறங்கும் பின்கதவுக் கண்ணாடி அப்படியில்லை. போல்ட்டிலும் ரப்பரிலும்தான் நிற்கிறது. அரை நாள் நேரமும், கூடப் பிடிக்க ஒரு ஆளும் இருந்தால் வாசலிலேயே மாற்றிவிடலாம். ஆனால் மாட்டுவது பாதி வேலைதான். உடைந்த தூளைக் கதவுக்குள்ளிருந்து முழுசாக எடுப்பதுதான் மீதிப் பாதி, அதுதான் முக்கியமான பாதி. புதுக் கண்ணாடி போட்ட கொஞ்ச நாளிலேயே கோடு கோடாகக் கீறல் விழுந்தது, சுற்றினால் கரகரவென்று நிற்கிறது என்று வரும் வண்டிகளைப் பிரித்துப் பார்த்தால், கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளமான சேனலுக்குள் பழைய தூள் உட்கார்ந்திருக்கும்.

உடைந்தவுடன் என்ன செய்வது?

முதலில் வண்டியைச் சுற்றி நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முழு இன்சூரன்ஸ் இருந்தால் தேவைப்படும். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள். ஆனால் ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடத்து நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஒரு பக்கக் கண்ணாடிக்கு அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். வீட்டில் மாற்றுவதானால் பெரும்பாலும் கிளெய்ம் போடாமல் இருப்பதே லாபம்.

அடுத்தது, அந்தக் கதவின் கைப்பிடியைச் சுற்றாதீர்கள், பவர் விண்டோ சுவிட்சையும் தொடாதீர்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டருக்குள் தூள் விழுந்திருக்கும். சுற்றச் சுற்ற அது பல்சக்கரத்துக்கும் சேனலுக்கும் இடையே போய் நசுங்கும்.

கண்ணாடி வரும்வரை வண்டியை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தடித்த பாலிதீன் ஷீட்டைக் கதவின் மேல்சட்டத்தைச் சுற்றி உள்ளே மடித்து, கதவைச் சாத்தி அதன் ரப்பரிலேயே இறுக்கிவிடுங்கள். கீழ்ப்பக்கம் மட்டும் டேப் போதும். அதற்கும் பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்தான் சரி. அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பிரவுன் டேப்பை வெயிலில் விட்டால் பசை பெயின்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்னும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்கள் இந்த ஷீட்டை நம்பிப் போக வேண்டாம். மேலே மழையும் மூடுபனியும் சேர்ந்தால் உள்ளே சீட் ஊறிவிடும், அந்தப் பக்கம் ஷீட் வழியாக ஒன்றும் தெரியாது.

சரியான கண்ணாடி வாங்குவது

எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் கேள்வி: "ஏனுங்க, சாதாக் கண்ணாடியை அளவெடுத்து வெட்டிப் போட்டா ஆகாதுங்களா?" ஆகாதுங்க. பணத்துக்காகச் சொல்லவில்லை. கதவில் இருப்பது டஃபன்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்தது. மேல்பரப்பு முழுக்க இறுகியும் உள்பகுதி இழுபட்டும் நிற்கும். அதனால்தான் உடைந்தால் கற்கண்டு போலச் சின்னச் சின்னத் துண்டாகக் கொட்டுகிறது. சாதாக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக நிற்கும். பின் சீட்டில் உட்காருவது உங்கள் ஆட்கள், உங்கள் பிள்ளைகள். கழுத்துக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது.

டஃபன்டு கண்ணாடியைப் பிறகு வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. கை வைத்தால் முழுசும் நொறுங்கும். ஆகவே அந்த மாடலுக்கென்றே வார்த்ததைத்தான் வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஆர்.சி. புத்தகத்தையோ சேசிஸ் நம்பரையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடம், டிரைவர் பக்கமா இடப்பக்கமா, பின்கதவில் ஏறி இறங்கும் பெரிய கண்ணாடியா அல்லது அதன் பின்னால் நிலையாக நிற்கும் சின்னக் கண்ணாடியா என்று தெளிவாகச் சொல்லுங்கள். சில வண்டிகளில் முழுக் கண்ணாடியும் கதவுக்குள் இறங்க இடமில்லாததால், நடுவில் ஒரு நிற்கும் கம்பி வைத்து இரண்டாகப் பிரித்திருப்பார்கள்.

மூலையில் அச்சடித்த முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்க வேண்டும். செயின்ட் கோபேன் செக்யூரிட், ஆசாகி இந்தியா இரண்டும் நம் ஊர் வண்டிகளில் அதிகம் பார்க்கும் பெயர்கள். மற்றக் கதவுகளின் நிறத்தோடு வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இலேசான பச்சை ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக இருந்தால் தூரத்திலேயே தெரியும். கூடுதல் கறுப்பாக எதையும் வாங்க வேண்டாம். பக்கக் கண்ணாடி வழியே குறைந்தது 50 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

கொண்டுவரும்போது படுக்கவைக்காமல், சாக்கையோ பழைய கம்பளியையோ சுற்றி நிற்கவையுங்கள். சிமென்ட் தரையில் விளிம்பை வைக்கவே வைக்காதீர்கள். இந்தக் கண்ணாடியின் நடுவில் குத்தினாலும் தாங்கும், விளிம்பில் சின்ன அடி பட்டால் தாங்காது. கூடவே டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையைப் பிடிக்கும் கிளிப் பத்துப் பன்னிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கிளிப் கட்டாயம் சிலது உடையும்.

டோர் பேடைக் கழற்றுவது

தடித்த கையுறை, முழுக்கால் மூடும் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. இது மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். பவர் விண்டோ வண்டியானால் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள்.

சுற்றும் கைப்பிடி உள்ள வண்டியில், அடுத்த பக்கக் கதவின் கண்ணாடியை முழுசாக ஏற்றி, கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் அப்படியே மாட்டலாம். கைப்பிடி சில வண்டிகளில் நடு ஸ்க்ரூவால் பிடித்திருக்கும். சிலவற்றில் பின்னால் ஒரு வளைந்த ஸ்பிரிங் லாக் இருக்கும். அதற்கு ஒரு பழைய துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து இடமும் வலமுமாக இழுத்தால் லாக் துணியில் மாட்டி வெளியே வரும். துள்ளிப் போய்விடும், அடுத்த கையை மேலே குவித்து வையுங்கள்.

பிறகு கைவைக்கும் இடத்து ஸ்க்ரூக்கள், உள்கைப்பிடிக் கிண்ணத்து ஸ்க்ரூ. சில இடங்களில் சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். எல்லாம் கழன்றதும் பேடின் கீழ்மூலையில் அகலமான பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து ஒவ்வொரு கிளிப்பாகப் பிடுங்குங்கள். கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும், தள்ளி நெம்பினால் பேட் கிழியும். கடைசியில் பேடை மேல்நோக்கித் தூக்கினால் வந்துவிடும். சுவிட்ச் ஒயர் இருந்தால் அதை இணைக்கும் கப்ளரைக் கழற்றிவிடுங்கள்.

உள்ளே ஒரு பாலிதீன் ஷீட் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். இதை அலட்சியமாகக் கிழித்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மழை பெய்யும்போது கண்ணாடிக்கும் அதை ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையான பீடிங்குக்கும் நடுவே தண்ணீர் எப்படியும் கதவுக்குள் இறங்கும். கீழே உள்ள வடிகால் ஓட்டை வழியாக வெளியே போகும். அந்தத் தண்ணீர் உங்கள் பக்கம் வராமல் தடுப்பது இந்த ஷீட் ஒன்றுதான். பசையைப் பிளேடால் மெதுவாக அறுத்து, தூசி படாமல் மடித்து வையுங்கள்.

தூள் எடுப்பது

அவசரப்படாதீர்கள், இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். மேலே பீடிங்கிலும் சேனலிலும் தொங்கும் துண்டுகளை முதலில் கையால் எடுங்கள். பெரிய துண்டைக் கீழே தட்டிவிட வேண்டாம். கதவின் அடியில் குவிந்ததைக் கையுறையோடு அள்ளி, வேக்குவம் குழாயைத் துவாரங்கள் வழியாக விட்டு உறிஞ்சுங்கள். மூலைகளுக்குப் பெயின்ட் பிரஷ் நன்றாக உதவும். கதவின் கீழ்விளிம்பில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். தூளும் மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தால், அடுத்த மழையில் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

அப்புறம் ரப்பர் சேனல். ஒரு கெட்டி அட்டையை மடித்து மேலிருந்து கீழ்வரை பள்ளத்துக்குள் ஓட்டுங்கள். ஒரு தடவை ஓட்டிவிட்டு விரலால் தடவிப் பார்க்க ஆசை வரும், தடவாதீர்கள். சேனலின் உள்பக்கத்து வெல்வெட் தேய்ந்து ரப்பர் தெரிந்தாலோ, ரப்பர் வெடித்திருந்தாலோ இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு இதற்கென்று கதவைத் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும்.

இப்போது பேட்டரியைத் தற்காலிகமாக இணைத்து, அல்லது கைப்பிடியைச் செருகி, ரெகுலேட்டரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஒட்டியிருந்த தூள் உதிரும். மறுபடி உறிஞ்சுங்கள். கதவை வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டி, சத்தத்தைக் கேளுங்கள். சலசலவென்றால் இன்னும் இருக்கிறது. தட்டினால் தகட்டுச் சத்தம் மட்டும் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

வண்டிக்குள்ளும் பாருங்கள். பின் சீட் மடிப்பு, பெல்ட் உள்ளே போகும் துளை, சீட்டுக்கு அடியில் வைத்த டூல் பை. பெல்ட்டை முழுசாக இழுத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். பெல்ட்டில் ஒட்டிய துண்டு நாளைக்கு உட்காருகிறவரின் தோளைக் கிழிக்கும்.

மாட்டுவது

ரெகுலேட்டரின் போல்ட், கதவுத் தகட்டின் துவாரத்துக்கு நேராக வரும் உயரத்தில் ரெகுலேட்டரை நிறுத்துங்கள். பேட்டரிக் கம்பியை மறுபடி கழற்றுங்கள். நடுக்கம்பி உள்ள வண்டியானால் அதன் மேல் ஸ்க்ரூவையும் கீழ் போல்ட்டையும் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் இடம் கிடைக்கும். மேல் ஸ்க்ரூ பெரும்பாலும் ரப்பருக்கு அடியில் இருக்கும்.

கண்ணாடியை ஒருவர் வெளியே நின்று பிடிக்க வேண்டும், மற்றவர் உள்ளே. வெளியிலிருந்து மேல்சட்டத்தின் வழியாக, ஒரு முனையைக் கீழே சாய்த்து மெதுவாக இறக்கி, உள்ளே போனதும் நேராக்குங்கள். இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து வேறு சாய்வில் முயலுங்கள். கதவுத் தகட்டின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் கண்ணாடிக்கும் பெயின்டுக்கும் நல்லது.

போல்ட்டில் பிடிக்கும் வகையானால், கண்ணாடித் துளைக்குள் பிளாஸ்டிக் புஷ்ஷும் இரண்டு பக்கமும் ரப்பர் வாஷரும் இருக்கிறதா பாருங்கள். இரும்பு நேராகக் கண்ணாடியில் படவே கூடாது. பழைய வண்டிகளில் கண்ணாடியின் அடிவிளிம்பு ஒரு தகட்டுச் சேனலுக்குள் ரப்பர் பட்டையோடு அழுந்தி நிற்கும். அதற்குப் புது ரப்பர் பட்டை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி ஏற்றுங்கள். பழைய சேனல் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் வர வேண்டும்.

போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் முடுக்கி, கண்ணாடியை முழுசாக மேலே ஏற்றுங்கள். மேல் ரப்பருக்குள் இரண்டு மூலையும் ஒரே நேரத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த அந்த நிலையிலேயே நடுக்கம்பியை முடுக்கி, பிறகு போல்ட்டுகளைச் சின்ன ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். ஏர் கன் வேண்டாம். சேனலுக்கு சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் கூடாது. தோப்பு மண்ணை இழுத்து வைத்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி கண்ணாடியைத் தேய்த்துவிடும்.

பேடைப் போடுவதற்கு முன்னால் பத்துத் தடவையாவது ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாதியில் இறுகினால் நடுக்கம்பி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு கண்ணாடியை மூடி, ஹோஸ் தண்ணீரை மேலிருந்து விடுங்கள். தண்ணீர் கதவுக்குள் இறங்கி அடி ஓட்டை வழியாகச் சொட்ட வேண்டும், மேல் ரப்பரைத் தாண்டி சீட்டுப் பக்கம் வரக் கூடாது. வந்தால் ரப்பர் மடிந்திருக்கும், இழுத்துச் சரிசெய்யுங்கள்.

பாலிதீன் ஷீட்டைத் துடைத்து அதே பசையில் அழுத்தி ஒட்டுங்கள். ஷீட்டின் கீழ்விளிம்பு கதவின் உள்பக்கமாகச் செருகியிருக்க வேண்டும். பேடை மேலே மாட்டிவிட்டு, கிளிப்புகளை உள்ளங்கையால் தட்டுங்கள். கைப்பிடியைப் பார்த்துவைத்த கோணத்தில் போடுங்கள். பவர் விண்டோவில் ஒரே தட்டில் ஏறும் வசதி வேலை செய்யவில்லை என்றால், பல வண்டிகளில் முழுசாக ஏற்றி, சுவிட்சைச் சில நொடி பிடித்தால் சரியாகிவிடும்.

கேபினின் பக்கத்தில் கதவே இல்லாமல் பசையால் ஒட்டிய நிலைக்கண்ணாடி உள்ள வண்டியானால் இந்த முறை ஒத்துவராது. பழைய யூரிதேன் பசையை அறுத்து, பிரைமர் போட்டு, காயும்வரை வண்டியை நிறுத்திவைக்க வேண்டும். அதைக் கண்ணாடிக் கடையில் கொடுங்கள். மாட்டி முடித்த பிறகும் ஒரு வாரத்துக்கு அந்தச் சீட்டில் குழந்தைகளை வெறுங்காலோடு ஏற்றாதீர்கள். ஓட ஓட அதிர்வில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு துண்டு மேலே வரும். வேக்குவத்தை இன்னொரு தடவை ஓட்டிவிட்டால் போதும்.