கொழும்புச் சுவரோவியங்கள்: படத்துக்கு முன் இடத்தைப் பாருங்கள்

யாழ்ப்பாணம் செல்லுமுன் இரண்டொரு நாள், கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையில் தங்கும் நம்மவர்கள், கொழும்பின் மதில்களில் உள்ள ஓவியங்களை வெறும் அழகுக்காகப் படம் பிடிப்பதுண்டு. அவற்றுட் பல, 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு இளைஞர்கள் கூடிச் சுவரொட்டிகளைச் சுரண்டிவிட்டு வரைந்தவை. மன்னர்கள், குளங்கள், யானைகள், துப்பாக்கி ஏந்திய படைவீரர் என்பன அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. கொழும்புப் புறநகர் ஒன்றின் மதிலில் நிற்கும் படைவீரன், அந்த ஒழுங்கையில் வசிப்பவர்களுக்குப் போருக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கலாம். அதே உருவம், போரில் படையினர் கைப்பற்றிய வடக்கின் தமிழ் நகரான கிளிநொச்சியில் நின்றால், வெடித்த கொங்கிரீட் கட்டியிலிருந்து தாமரை மலரும் அங்குள்ள நினைவுச்சின்னத்தைப் போல, வென்றவர் தோற்றவரின் காணியில் நாட்டிய அடையாளமாகிவிடும். சிங்கக்கொடி வரையப்பட்டிருந்தால், தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சள் கோடும் முஸ்லிம்களைக் குறிக்கும் பச்சைக் கோடும் அதில் இருக்கின்றனவா என்று கிட்டப் போய்ப் பாருங்கள். அந்தச் சுவர் யாருடையது என்பதை அதுவே சொல்லிவிடும்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் காலிமுகத்திடலில் இறங்கலாம். 2022 ஏப்ரல் 9 முதல், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலக வேண்டும் என்று போராடியவர்கள் கூடாரமடித்து, ஓவியங்களாலும் பதாகைகளாலும் நிறைத்த இடம் அது. யூலை 22 அதிகாலை படையினர் அவர்களை அகற்றினார்கள். இன்று பட்டம் விடுவோரும் இறால் வடை விற்போருமே கண்ணில் படுவர். ஆயினும் நமக்கு அந்தத் திடலின் கதை 2022இல் தொடங்கவில்லை. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் 1956 யூன் 5 அன்று அடிபட்டதும் அங்கேதான். 2022 மே 18 அன்று அதே புல்தரையில், 2009இல் போரின் இறுதி நாட்களில் இறந்த தமிழரை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்பட்டு, சிங்களவரும் வாங்கிக் குடித்ததன் கனம், 1956ஐ அறிந்தவருக்குத்தான் முழுதாகப் புரியும்.

அங்கிருந்து கொம்பனித்தெருவுக்கு நடந்தே போகலாம். 2010இல் வீடுகள் இடிக்கப்பட்டு, பின்னர் அடுக்குமாடிகள் எழுந்த அந்தப் பகுதியில், உள்ளூர்க் கலைஞர்கள் தம் அயலவரின் உருவங்களைச் சுவரில் வரைந்தார்கள். வேறெங்கும் அவை வெறும் முகங்கள். அங்கே, ‘நாங்கள் இன்னும் இருக்கிறோம்’ என்ற அறிவித்தல். வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும். படைத்தரப்புக் கட்டடங்களும் அதே பகுதியில் இருப்பதால், காவலரணைக் கண்டதும் கைபேசியைப் பையில் வைத்துவிடுங்கள்.

வெள்ளவத்தையில் அரசியல் ஓவியம் தேடி அலைய வேண்டாம். ஒழுங்கைகளில் ரியூசன் விளம்பரமும் கோயில் திருவிழா அறிவித்தலும் மட்டுமே இருக்கும். 1983 யூலைக் கலவரத்தில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்த நகரத்தில், உள்ளே இருப்பவர் யார் என்று மதில் சொல்லாதிருப்பதை நான் தற்செயல் என்று கருதுவதில்லை.