அயல்நாட்டு இயந்திரத்தை உள்ளூர் மின்சாரத்தோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் இயந்திரத்தை உள்ளூர் மின்சாரத்தில் ஓட வைக்கும் பணியில் புதிதாக இறங்குபவர்கள், முன்னிருந்தவர்கள் செய்து நட்டப்பட்ட அதே தவறுகளை இன்றும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. தளர்ந்த முனை, பொருந்தாத கேபிள் போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சரியாகச் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு செய்யப்படும் தவறுகளையே இங்கு எழுதுகிறேன்.

வோல்ட்டை மட்டும் பார்த்து மின்மாற்றி வாங்குவது

மோட்டாரின் பெயர்த்தகட்டில் 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. ஆலைக்கு வருவதோ 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உடனே 400-ஐ 460 ஆக உயர்த்தும் மின்மாற்றி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். இதைவிடச் செலவு வைக்கும் தவறு இந்தத் தொழிலில் வேறு இல்லை.

மோட்டாரின் இரும்பு உள்ளகத்தில் உருவாகும் காந்தப்பாயத்தை (இரும்பின் வழியே செல்லும் காந்தத்தின் அளவை) வோல்ட் மட்டும் தீர்மானிப்பதில்லை. வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்து வரும் ஈவே தீர்மானிக்கிறது. 460-ஐ 60-ஆல் வகுத்தால் 7.67 வரும். அதே 460-ஐ 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் ஈவு 9.2 ஆகிவிடும், அதாவது காந்தப்பாயம் 20 சதவீதம் கூடிவிடும். இரும்பை வீணாக்கக் கூடாது என்பதற்காக மோட்டார்கள் தெவிட்டு நிலைக்கு (இரும்பு அதற்குமேல் காந்தத்தை ஏற்காத நிலைக்கு) அருகிலேயே இயங்குமாறு வடிவமைக்கப்படுவதால், அந்த 20 சதவீதத்தை உள்ளகத்தால் ஏற்க முடிவதில்லை; காந்தமாக்கும் மின்னோட்டம் பல மடங்கு எகிறி, எடை எதையும் இழுக்காமலேயே மோட்டார் சூடேறுகிறது.

ஓர் ஆலையில் 60 ஹெர்ட்ஸுக்கான ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றுக்கு இதுதான் நேர்ந்தது. மின்மாற்றியின் வெளியீடு மீட்டரில் துல்லியமாக 460 காட்டியதில் அனைவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பம்ப் வெறுமனே சுற்றும்போதே மின்னோட்டம் முழுச் சுமை அளவை நெருங்கியிருந்தது. சற்று நேரத்தில் ஓவர்லோட் ரிலே துண்டித்தது. ரிலேயின் அளவைக் கூட்டி வைத்தார்கள், வைண்டிங் எரிந்தது. வைண்டிங் கட்டியவரின் வேலை சரியில்லை என்று வேறொருவரிடம் கொடுத்துக் கட்டினார்கள், அதுவும் எரிந்தது. இறுதியில் மின்மாற்றியை விலக்கிவிட்டு 400 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தபோது மோட்டார் குளிர்ச்சியாக ஓடியது. 460-இல் ஆறில் ஐந்து பங்கு 383. ஆகவே 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டாருக்கு வேண்டியது 383 வோல்ட்தான், 400 என்பது அதைவிட 4 சதவீதம் மட்டுமே கூடுதல். வாங்கவே தேவையில்லாத ஒரு பொருளை வாங்கி, அதைக் கொண்டே மோட்டாரை எரித்திருக்கிறார்கள். தேவையான எண்கள் அனைத்தும் பெயர்த்தகட்டிலேயே இருந்தும் ஒரு வகுத்தல் கணக்கைப் போடாமல் விட்டார்களே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல்.

ஜப்பானிய இயந்திரங்களில் இதே தவறு வேறு உருவில் வரும். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் இருப்பதால், மோட்டார் தகட்டில் 200 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், 200 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், 220 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என்று மூன்று வரிகள் இருப்பது வழக்கம். புதியவர் கண்ணில் 220 மட்டும் பட்டுவிடுகிறது. 50 ஹெர்ட்ஸில் 220 வோல்ட்டைக் கொடுத்துவிடுகிறார். அந்தத் தகட்டில் 50 ஹெர்ட்ஸுக்கு 200 தவிர வேறு எண்ணே கிடையாது.

சரியான ஈவு கிடைத்தாலும் வேகம் குறையும் என்பதையும் முன்கூட்டியே உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும். 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1800 சுற்று என்றிருந்த ஒத்திசைவு வேகம் (மோட்டாரின் காந்தப்புலம் சுற்றும் வேகம்) 50 ஹெர்ட்ஸில் 1500 ஆகிவிடும். மோட்டாரின் திறனும் ஹைட்ராலிக் பம்ப் தள்ளும் எண்ணெயின் அளவும் ஆறில் ஒரு பங்கு குறையும். வேகம் குறையக் கூடாது என்றால் மோட்டாருக்குச் செல்லும் ஹெர்ட்ஸை மாற்றித் தரும் வி.எஃப்.டி. என்ற கருவியைப் பொருத்த வேண்டும். அப்போதுதான் அந்த உயர்த்தும் மின்மாற்றிக்கு நியாயமான வேலை வருகிறது, ஏனெனில் வி.எஃப்.டி.யால் உள்ளே வரும் வோல்ட்டைவிட அதிகமாக வெளியே தர இயலாது, 400 வோல்ட் உள்ளீட்டில் ஏறத்தாழ 52 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் முறுக்குவிசை குறையத் தொடங்கும். ஆனால் வி.எஃப்.டி. வழியாகச் செல்லாமல் நேரடியாக இயங்கும் கூலன்ட் பம்ப், விசிறி, கட்டுப்பாட்டு மின்மாற்றி ஆகியவற்றுக்கு அதே 460 வோல்ட் போய்ச் சேர்ந்தால் அவை எரியும். எனவே ஆர்டர் கொடுப்பதற்கு முன் இயந்திரத்தின் எல்லாச் சுமைகளையும் எழுதி, வி.எஃப்.டி.க்குப் பின்னால் இருப்பவை எவை, நேரடியாக இருப்பவை எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கான்டாக்டர் (மோட்டாரை இயக்கும் மின்காந்தச் சுவிட்ச்) சுருளின் மீது 110 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருப்பதும் வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுக்கும் அந்த விதியின் காரணமாகத்தான்.

50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தை 60-இல் அச்சமின்றி ஓட்டுவது

400 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 480 வோல்ட் 60 ஹெர்ட்ஸில் காந்தப்பாயம் மாறுவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் மையவிலக்குப் பம்பும் விசிறியும் கேட்கும் திறன் வேகத்தின் மும்மடியாக உயர்வதால், 20 சதவீத வேகத்துக்கு ஏறத்தாழ 73 சதவீதம் கூடுதல் திறன் தேவைப்படும். இம்பெல்லரை (பம்பின் சுழலும் இறக்கைச் சக்கரத்தை) கடைந்து விட்டம் குறைக்க வேண்டும், அல்லது வேகத்தை இறக்க வேண்டும்.

ரிலேயின் அளவைக் கூட்டுவது

காரணம் தெரியும்வரை தொடாதீர்கள்.

ஓடும் சுமைக்கு மட்டும் கே.வி.ஏ. கணக்கிடுவது

30 கிலோவாட் மோட்டாருக்கு 45 கே.வி.ஏ. கொள்ளளவுள்ள மின்மாற்றி தாராளம் என்று தோன்றும். நேரடியாகத் தொடங்கும் மோட்டார் முழுச் சுமையின் ஆறேழு மடங்கு மின்னோட்டம் இழுப்பதால், 5 சதவீத மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) கொண்ட அந்த மின்மாற்றியின் வெளியீடு தொடக்கத்தில் சுமார் 20 சதவீதம் சரிந்துவிடும். முறுக்குவிசை வோல்ட்டின் இருமடியைச் சார்ந்தது என்பதால் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கனமான ஃப்ளைவீல் உள்ள இயந்திரம் வேகமெடுக்காமல் முனகிக்கொண்டே நிற்பது பெரும்பாலும் இதனால்தான். மின்மாற்றியைச் சுவிட்ச் போடும் கணத்திலும் அதன் முழு மின்னோட்டத்தின் பத்து மடங்கு அளவுக்கு ஒரு பாய்ச்சல் வரக்கூடும். அதற்கேற்ற பிரேக்கரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் குறையே இல்லாத மின்மாற்றியைப் பழுதென்று திருப்பி அனுப்ப நேரிடும்.

இரண்டாம் பக்கத்தை எர்த் செய்யாமல் விடுவது

தனித்த இரு சுருள்கள் கொண்ட மின்மாற்றியின் இரண்டாம் பக்கத்துக்கு, முதல் பக்கத்தின் எர்த்தோடு தானாக எந்தத் தொடர்பும் கிடையாது. ஸ்டார் மையத்தை (மூன்று சுருள்களும் ஒன்றுசேரும் புள்ளியை) எர்த்தோடு இணைக்காமல் விட்டால், ஒரு கம்பி இயந்திர உடலைத் தொட்டாலும் ஃபியூஸ் போகாது, கசிவு பிரேக்கரும் அறியாது. இரண்டாவது பழுது ஏற்படும் நாளில்தான் வெளிப்படும், அதற்குள் உயிர் போகலாம். இன்னொரு மின்மாற்றியை நிறுவும்போது மின்னழுத்தம் மட்டுமல்ல, பாதுகாப்பு அமைப்பு முழுவதுமே அங்கு புதிதாகத் தொடங்குகிறது.

ஸ்டார் டெல்டாவைக் கண்மூடித்தனமாகச் சேர்ப்பது

தகட்டில் டெல்டா 230, ஸ்டார் 400 என்றிருக்கும் மோட்டாருக்கு 400 வோல்ட்டில், ஸ்டாரில் தொடங்கிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் கூடவே கூடாது.

ஹீட்டரை மறப்பது

ஹீட்டருக்கு ஹெர்ட்ஸ் பொருட்டல்ல. வோல்ட்டின் இருமடிதான் கணக்கு. 480 வோல்ட் ஹீட்டர் 400 வோல்ட்டில் 69 சதவீத வெப்பமே தரும். 200 வோல்ட் ஹீட்டர் 220-இல் 121 சதவீதம் தந்து சீக்கிரம் எரிந்து போகும்.

சுற்றும் திசையைக் கடைசியில் பார்ப்பது

ஹைட்ராலிக் பம்பைக் கப்ளிங்கில் பூட்டுவதற்கு முன் பாருங்கள்.