விக்டோரியா காலத்து நோயாளிக் கைதியின் மன்னிப்புப் பத்திரத்தைத் தேடுவது எப்படி

அக்கால இங்கிலாந்தில் கடும் நோயாளியான கைதியை வெளியே விட மூன்று கடதாசிகள் தேவைப்பட்டன. கைதியோ உறவினரோ எழுதிய மனு ஒன்று. ‘இன்னும் அடைத்து வைத்தால் உயிர் தப்பாது’ என்ற கருத்தில் சிறை வைத்தியர் கொடுத்த சான்று மற்றது. இவற்றைப் பார்த்து உள்துறை அமைச்சர் பரிந்துரைத்தால், இராணியின் பெயரில் வரும் ஆணை மூன்றாவது. லண்டன் கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய சுவடிக்கூடத்தில் இவை ஒரே கட்டில் இருக்காது. அதன் இணையப் பட்டியலைக் கொழும்பிலிருந்தே இலவசமாகத் தேடலாம்.

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். 1839 வரையான மனுக்கள் எச்ஓ (HO, உள்துறை அமைச்சின் ஆவணத் தொடர்) 17இல், அதிலிருந்து 1854 வரையானவை எச்ஓ 18இல். பெயர் அகப்படாவிட்டால் எச்ஓ 19 பதிவேட்டில் மனுவின் குறியீட்டைப் பிடித்து, அதைக்கொண்டு கட்டுக்குப் போங்கள். மன்னிப்பு ஆணைகளின் நகல்கள் 1871 வரை எச்ஓ 13இல் உண்டு. பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டில் தேடுங்கள். எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடிதான் எழுதினார்கள்.

அதிகம் பேர் சறுக்குவது 1853க்குப் பிறகு. அந்த ஆண்டுச் சட்டத்தோடு ‘லைசன்ஸ்’ விடுதலை வந்தது: ஆண்களுக்கு பீகொம் (PCOM, சிறை ஆணையத்தின் ஆவணத் தொடர்) 3, பெண்களுக்கு பீகொம் 4. இது மன்னிப்பல்ல. நிபந்தனையை மீறினால் திரும்பவும் உள்ளே போடலாம்; முழு மன்னிப்போ மிச்சத் தண்டனையையே இல்லாமலாக்கும். இன்னொன்று, 1860 வாக்கில் இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் நோயாளிக் கைதிகளுக்கென்றே தனிச் சிறை இயங்கத் தொடங்கியது. ஆகவே கடும் நோய் என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து ஆள் விடுதலையானார் என்று முடிவுகட்டாதீர்கள், அங்கே மாற்றியிருக்கலாம்.

சான்றில் ‘தைசிஸ்’, ‘டிக்லைன்’ என்றிருந்தால் பெரும்பாலும் சயரோகம். ‘டிராப்சி’ என்பது நீர்கோத்த வீக்கம். நோயின் பெயரல்ல, அறிகுறி.

1841இல் கட்டப்பட்ட வெலிக்கடையில் இருந்தவரைத் தேடுவோர் எச்ஓ கட்டுகளில் நாளை வீணாக்க வேண்டாம். இலங்கையில் முடியின் பெயரால் மன்னித்தவர் தேசாதிபதி. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் தொடங்குங்கள். தேசாதிபதி லண்டனுக்கு எழுதியவை கியூவில் சீஓ (CO, குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் ஆவணத் தொடர்) 54இல் உள்ளன.

இங்கிலாந்துக் கைதியானால் கடைசியாக இறப்புப் பதிவு. அங்கே அது 1837 ஜூலை 1இல் தொடங்கியது. ஆணைத் திகதிக்குப் பிந்திய ஒரு வருடத்தைச் சிறை இருந்த மாவட்டத்தில் மட்டுமல்ல, உறவினரின் ஊரிலும் பாருங்கள். சாகப் போனவரை அங்கேதான் ஏற்றிருப்பார்கள். ஆணைக்கு முந்திய சில கிழமைகளையும் விடாதீர்கள்: கடதாசி வந்து சேருமுன்னே ஆள் போயிருக்கவும் கூடும்.